பிரகாசியின் முதல் வாசகம்

அக்டோபர் 7, திங்கள்

தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி இன்றோடு பதினொரு நாள். ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் பேசாதீர்கள் என்பது, மீன் வண்டிக்காரரிடம் வாடை வராமல் போங்கள் என்பது மாதிரி. சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்து, அன்று மதியமே அ, ஆ-வைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

இன்று பாடம் நடந்தது நாற்பது நிமிடம். மிச்ச நேரமெல்லாம் போனில் ஏற்றுவதற்கே சரியாக இருந்தது: வருகைப் பதிவு, சத்துணவு சாப்பிட்டவர்கள், செருப்பு அளவு. இருபத்து மூன்று பிள்ளைகளின் கால் அளவும் என் கைவசம் இருக்கிறது. யாருக்கு வாசிக்கத் தெரியும் என்று ஒரு கட்டம் அந்த ஆப்பில் கிடையாது. நல்லவேளை.

சாயங்காலம் பின்தெரு பிரகாசி வந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். எனக்கு ஐம்பத்து மூன்று என்றால் அவளுக்கு நாற்பத்தெட்டு இருக்கும். உப்பு வெயிலில் நின்று நின்று என்னைவிட மூத்தவளாகத் தெரிவாள். (இதை எழுதும்போது எனக்கு வந்த சந்தோஷத்தையும் எழுதிவிடுகிறேன்.) மழைக்காலம், அளத்தில் தை வரை வேலை கிடையாது. ஏதோ கையெழுத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றுகொண்டு, "எனக்கு வாசிக்கச் சொல்லித் தாரியளா டீச்சர்" என்றாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

விவரம் இன்றைக்குத்தான் முழுசாக வந்தது. மாதா கோயிலில் முப்பது வீடுகளுக்கு ஒரு குழு, அன்பியம் என்பார்கள். ஞாயிறு பூசைக்கு முறைவைத்து ஒவ்வொரு அன்பியம் பொறுப்பு. அந்தப் பூசையில் ஒருவர் மேடையேறி வேதத்தில் ஒரு பகுதியை மைக்கில் வாசிக்க வேண்டும். அதற்குப் பெயர் முதல் வாசகம்.

பிரகாசியின் அன்பியத்தில் பதினாலு வருஷமாக முதல் வாசகம் குளோரிந்தாவுக்கே. குளோரிந்தா யாரென்றால், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் மனைவி. ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு புதுச் சேலை. மைக்குக்கு முன்னால் நின்றால் வீட்டுக்காரரைக் கூப்பிடும் குரல் ஒன்று, ஆண்டவரைக் கூப்பிடும் குரல் ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறார். போன கூட்டத்தில் அவர், பிரகாசி வழக்கம்போல காணிக்கைத் தட்டு தூக்கட்டும் என்றிருக்கிறார். இவள் எழுந்து, தட்டை நீங்க தூக்குங்க, இந்த வாட்டி வாசகம் நான், என்றுவிட்டாள். யாரும் வாய் திறக்கவில்லையாம். பூசை வைக்கும் சாமியார் ஊருக்குப் புதியவர். இவளுக்கு எழுத்து தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. பேரை எழுதிக்கொண்டார்.

டிசம்பர் ஒன்று, ஞாயிறு. இன்னும் எட்டு வாரம்கூட இல்லை.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தொண்டை கட்டியிருந்ததால் சத்தம் வரவில்லை. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். இவளுடைய மகள் என்னிடம் படித்தவளாம். இருக்கலாம். இந்தத் தெருவில் என்னிடம் யார்தான் படிக்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

க, கா, கி, கீ என்று தொடங்கினால் கௌ வரை ஒரே மூச்சில் சொல்கிறாள். மகள் சின்ன வயதில் வீட்டில் கத்தியதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாம். அசந்துபோய் நடுவில் ‘கே’-மேல் விரலை வைத்தேன். அவள் ‘க’-விலிருந்து புறப்பட்டு, உதடு அசைய ஒவ்வொன்றாகக் கடந்து வந்து ‘கே’-யில் இறங்கினாள். திருநெல்வேலியில் ஏறினால்தான் வாகைக்குளத்தில் இறங்குவேன் என்கிற மாதிரி.

என் வகுப்பிலும் இப்படித்தான். அதற்கென்ன, சேர்ந்து கத்தும்போது கேட்க நன்றாக இருக்கும்.

அக்டோபர் 15, செவ்வாய்

வரிசையைத் தூக்கிப் போட்டேன். நாலே நாலு சத்தம் என்றேன். ப. பா. பல். பால். குட்டை, நெட்டை, குட்டைக்குப் பின்னால் புள்ளி வைத்த எழுத்து, நெட்டைக்குப் பின்னால் புள்ளி வைத்த எழுத்து. எவ்வளவு நீளமான சொல்லாக இருந்தாலும் இந்த நாலில்தான் உடையும். கடவுள்: க, ட, வுள். ஆண்டவர்: ஆண், ட, வர்.

கையைத் தட்டச் சொன்னேன். கை வரவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே தட்டு. நாலாவது தடவை நானே சோர்ந்து சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்போது அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, காலால் போட்டாள். ப-வுக்கு ஒரு மிதி. பா-வுக்கு மிதித்து ஓர் இழுப்பு. பல் என்றால் மிதித்துக் குதிகாலை ஊன்றி நிறுத்தம். பால் என்றால் இழுத்து நிறுத்தம்.

மழை முடிந்ததும் உப்புப் பாத்தியின் தரையை இப்படித்தான் வரிசையாக நின்று மிதித்துக் கெட்டியாக்குவார்களாம். தரை இறுகாவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், உப்பு நிற்காது. இருபத்தாறு வருஷச் சர்வீஸில் எத்தனையோ பயிற்சிக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். காலால் வாசிக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

கீழ்வீட்டுக்காரர் வந்து, மேலே என்ன மாவு இடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் 22, செவ்வாய்

எதை வாசிக்கப் போகிறாளோ அதையே வைத்துச் சொல்லிக்கொடுப்போம் என்று எனக்கு ஒரு யோசனை. ஞாயிறுதோறும் கோயிலில் வாசகங்களை அச்சடித்துத் தாள் கொடுப்பார்கள். சாமி வார்த்தை இருக்கிற தாளைக் குப்பையில் போடக் கூடாது என்று பிரகாசி அத்தனையையும் மாதா படத்துக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறாள். முழங்கால் உயரம். படிக்கத் தெரியாதவள் வீட்டில்தான் இந்தத் தெருவிலேயே அதிகக் காகிதம்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடினேன். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கு என்ன பெயர் என்று அவளுக்கு வாய்ப்பாடமாகத் தெரிந்தது: திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. அதே தலைப்போடு ஒரு தாள் கிடைத்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். எழுந்திருக்கும்போதுதான் முட்டி பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் கல்லாக வந்தது. இவர், என் வீட்டுக்காரர்தான், சுவரில் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். பிரகாசி வந்தாள், லீவு என்று சொல்லியும் வந்தாள். அதிரசத்தை ஊறவைத்துத் தின்றுகொண்டே இரண்டு வரி முடித்தோம்.

நவம்பர் 5, செவ்வாய்

தாளில் உள்ள வாசகத்தைத் தங்கு தடையில்லாமல் வாசிக்கிறாள். குரலும் கணீரென்று. பாதியில் கரண்ட் போனது.

பிரகாசி நிறுத்தவில்லை. இருட்டில் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

நான் மெழுகுவத்தி தேடினேன். அது கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு, நல்லா இருக்கு பிரகாசி, என்றேன்.

நவம்பர் 6, புதன்

மனப்பாடம் என்றால் என்ன தப்பு? கேட்கிறவர்களுக்கு எது எப்படி வந்தால் என்ன? புத்தகம் முன்னால் விரிந்திருக்கும், கண் அதன்மேல் இருக்கும், வாய் சொல்லும். எனக்கும் தொண்டைக்கு நல்லது. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று எழுத வந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

மழை. பள்ளிக்கூடம் லீவு. பிரகாசி குடையில்லாமல் வந்து தலை துவட்டிக்கொண்டே, எங்க ஷைனிய நினைவிருக்கா டீச்சர் என்றாள். மகள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே ஒரு பாரத்தை நிரப்பச் சொன்னார்களாம். பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்து எழுதி வாங்கினாளாம். போனில் சொல்லி அழுதாளாம். எட்டாம் வகுப்பு வரை போனவள்.

இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். பிறகு, "அவ நோட்டெல்லாம் வச்சிருக்கேன். எல்லாப் பக்கத்துலயும் சரின்னு போட்டிருக்கிய" என்றாள்.

சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள்.

ஷைனி, மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம். ஒரு தடவை கேட்டால் பக்கம் முழுவதையும் ஒப்பிப்பாள். ஆய்வாளர் வந்தபோதெல்லாம் யாரை எழுப்பிப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

நினைவிருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

தலைமையாசிரியர் விருப்ப ஓய்வு பாரத்தைப் பற்றிக் கேட்டார். பீரோவில் இருக்கிறது சார், தேதிதான் போடணும் என்றேன். போன மார்ச்சிலும் இதையே சொன்னீர்கள் என்றார். அவருக்கும் ஞாபகசக்தி.

நவம்பர் 23, சனி

குடி கெட்டது.

பிரகாசிக்குக் கண் சரியில்லை. உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து மங்கிவிட்டது. தாளைப் பெரிதாக்கலாம் என்று ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே கோயில் உபதேசியார் மிக்கேல் நின்றுகொண்டிருந்தார். கோயிலில் விளக்கு, மைக், புத்தகம் எல்லாம் அவர் பொறுப்பு. என் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "போன வருசத் தாள எதுக்கு டீச்சர் பெருசாக்குதிய?" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் அதே ஞாயிறுதானே என்றேன். ஞாயிறு அதேதான், வாசகம் வேறு என்றார். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று மூன்று சுற்று இருக்கிறதாம். ஒரு வருஷம் வாசித்தது மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்ப வருமாம். வருகிற ஒன்றாம் தேதி சுற்று மாறுகிறது.

எனக்கென்ன தெரியும்? திருச்செந்தூரில் வருஷா வருஷம் அதே சூரன், அதே வேல். இந்த வருஷம் மூன்றாம் சூரன் என்று யாராவது சொன்னது உண்டா?

ஒரு மாதமாக நான் கட்டிக்கொடுத்தது வேறொரு பாத்தி. இன்னும் எட்டு நாள். உபதேசியார் பாவம், புதுத் தாளை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு முறை நின்றேன். முட்டி வலி.

நவம்பர் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். பிரகாசி பழைய தாளை மடித்து இடுப்பில் செருகினாள். நானே வழியும் சொன்னேன்: புதியதை நான் தினமும் பத்துத் தடவை வாசிக்கிறேன், நீ கேட்டுக்கொள், உன் ஞாபகத்துக்கு மூன்றே நாள் போதும். குளோரிந்தாவுக்கு என்ன, ஆண்டவருக்கே வித்தியாசம் தெரியாது.

அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு இருட்டில் நடந்தது எனக்குத் தெரியும் என்பதும், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும் என்பதும் அந்தப் பார்வையில் இருந்தது.

"நீங்க வாசிச்சு நான் சொன்னா, அது உங்க வாசகம் டீச்சர். ஷைனியும் அப்படித்தான் ஒப்பிச்சா. நீங்க வாயத் திறக்காதிய. நான் பாத்துச் சொல்லுதேன்."

டாக்டர் சொல்லிக் கேட்காதவள் பிரகாசி சொல்லிக் கேட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

அவள் மிதிக்கிறாள், நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். தவறாகப் போனால் விரலை மட்டும் தூக்க எனக்கு உத்தரவு. இரண்டு வரிக்கு முக்கால் மணி நேரம். ஒற்றைக்கொம்பைக் கண்டால் சின்ன மிதி, இரட்டைக்கொம்பைக் கண்டால் இழுப்பு, புள்ளியைக் கண்டால் குதிகால். எருசலேம் என்ற சொல்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கே வேர்த்துவிட்டது. சொல்லித்தராமல் உட்கார்ந்திருப்பது இத்தனை வேலையா? கத்துவது எவ்வளவோ சுகம்.

இவர் டிவியை அணைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்று கேட்கிறார்.

நவம்பர் 28, வியாழன்

குளோரிந்தா சொல்லி அனுப்பியிருக்கிறார்: தாம் பக்கத்திலேயே நிற்கிறாராம், தடுமாறினால் எடுத்துக் கொடுப்பாராம். புதுச் சேலை எடுத்தாயிற்று என்றும் கேள்வி. பிரகாசி கேட்டுவிட்டு, அவங்க தட்டத் தூக்கட்டும் என்றாள்.

ஐந்து வரி. இன்னும் நாலு.

நவம்பர் 30, சனி

ஒன்பது வரியும் முடிந்தது. ஒன்றரை மணி நேரம். ஒரு தடவைகூட முழுசாக, நிற்காமல் வரவில்லை. மனப்பாடமும் ஆகவில்லை, ஒவ்வொரு எழுத்தோடும் மல்லுக்கட்டும்போது பாடமாவதற்கு இடம் எங்கே? வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றேன். யாருக்கு உடம்பு சரியில்லை, உங்களுக்கா எனக்கா என்று கேட்டுவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பயமாக இருக்கிறது. நான் பெற்ற பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதியபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. அவர்களை டியூஷனில் விட்டிருந்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலை ஏழரைப் பூசை. கடைசிப் பெஞ்சில் தாளோடு உட்கார்ந்தேன். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல், எல்லோருக்கும் அரை நொடி பின்னால் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

பிரகாசி மேடைக்கு வெறுங்காலோடு போனாள். நீலச் சேலை, பழையதுதான். புத்தகத்தைப் பார்த்தாள். நிமிரவே இல்லை. முதல் சொல் வருவதற்குள் சபையில் நாலு பேர் இருமிவிட்டார்கள்.

பிறகு தொடங்கினாள். உடைத்து உடைத்துத்தான். மைக் ஸ்டாண்டுக்குக் கீழே வலது கால் மிதிப்பதை நான் ஒருத்திதான் கவனித்திருப்பேன். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் வாட்சைப் பார்த்தார். மூன்றாம் வரியில் ஒரு நீளச் சொல்லில் நின்றுவிட்டாள். குளோரிந்தா பெஞ்சிலிருந்து எழுந்தார். பிரகாசி அந்தப் பக்கம் திரும்பாமலே இடது கையை, உள்ளங்கை தெரிய, தூக்கிக் காட்டினாள். குளோரிந்தா உட்கார்ந்தார். கால் மிதித்தது. இழுத்தது. ஊன்றியது. சொல் வந்தது.

கோயிலில் அதன்பிறகு இருமல் இல்லை. சின்னப் பிள்ளைகள்கூட அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்புறம் ஒரு தவறு. ‘அந்நாள்களில்’ என்று தொடங்கும் வரி இரண்டு இருக்கின்றன. நாங்கள் படித்த தாளில் ஒன்று முதல் பக்கத்தில், இன்னொன்று பின்பக்கத்தில். கோயில் புத்தகத்திலோ (பிறகுதான் பார்த்தேன்) இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்று. அவள் விரல் முதலாவதை விட்டு இரண்டாவதில் போய் இறங்கிவிட்டது. மேலே இருந்த வரி விட்டுப்போனது. அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே கடைசி வரை போய் முடித்தாள். வாசகம் முடிந்ததற்குச் சபை சேர்ந்து ஒரு பதில் சொன்னது, நல்ல சத்தமாக.

பூசை முடிந்து வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றேன். பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சாமியாரும் வந்து தலையில் கை வைத்துவிட்டுப் போனார். குளோரிந்தா வந்து, நல்லா வாசிச்ச பிரகாசி என்றார். பதினாலு வருஷம் வாசித்தவருக்கு ஒரு வரி போனது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அவர் சொன்னது அவ்வளவுதான். அது நல்ல மனசா, வேறேதுமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சேலை அழகாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் பிரகாசி என்னிடம் வந்தாள். மூக்கு நுனியில் வேர்வை.

"எல்லாம் வாசிச்சேனா டீச்சர்?"

சரி என்ற சொல் என் நாக்கில் தயாராக இருந்தது. இருபத்தாறு வருஷமாக அது அங்கேதான் குடியிருக்கிறது. யோசிக்காமலே கை டிக் போடும். இவ்வளவு பாடுபட்டவளிடம், இந்த ஒரு நாள், யாரும் குறை சொல்லாத ஒரு வரிக்காகவா?

"ஒரு வரி விட்டுப்போச்சு பிரகாசி" என்றேன்.

எந்த வரி என்றாள். தாளில் விரலை வைத்துக் காட்டினேன். வாசித்துக் காட்டவில்லை. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் சுருங்கியது. அழுவாள் என்று நினைத்து நான் முந்தானையைத் தேடினேன், என் கண்ணுக்கு. அவள் திரும்பிக் கோயிலுக்குள்ளே போனாள்.

நானும் பின்னால் போனேன். ஃபேன்களை நிறுத்தியிருந்தார்கள். பெஞ்சுகள் காலி. மிக்கேல் உபதேசியார் மைக் வயரைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். பிரகாசி மேடையேறி, மூடியிருந்த புத்தகத்தை நாடா வைத்திருந்த இடத்தில் திறந்தாள். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். ‘அந்நாள்களில்’ என்பதில் நிறுத்தினாள். கீழே இருந்ததையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மறுபடி மேலே வந்தாள்.

வாசித்தாள். மைக் இல்லை. கால் தரையில் மிதிக்கும் சத்தம் கடைசிப் பெஞ்சு வரை கேட்டது. ஒரே ஒரு வரி. எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்கவில்லை. வாசகம் முடிந்தால் சொல்ல வேண்டிய முடிவுரையையும் முறைப்படி சொன்னாள்.

அதற்குச் சபை ஒரு பதில் சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியாது. உபதேசியார் வயரைச் சுற்றுவதை நிறுத்தாமல், தலையையும் நிமிர்த்தாமல், சபை முழுவதற்குமாக அவர் ஒருவரே சொன்னார்.